கைக்குட்டையில் முடிந்த காதல்

காதலர் தினம் என்றால் பிப்ரவரி 14 மட்டும்தான் என்று நானும் நினைத்திருந்தேன். ஸ்பெயினின் வாலென்சியாக்காரர்களுக்கு அது அக்டோபர் 9!

1238-ல் அதே நாளில்தான் அரகோன் மன்னர் முதலாம் ஜாவ்மே, முஸ்லிம் ஆட்சியிடமிருந்து வென்ற அந்நகருக்குள் நுழைந்தார். அதன் நினைவாக ஊர்வலம், வாணவேடிக்கை எல்லாம் நடந்தன. வாரிசுரிமைப் போரில் வாலென்சியா தோற்றதும், 1707-ல் மன்னர் ஐந்தாம் பிலிப் அதன் தனிச் சட்டங்களை ரத்து செய்தார். விழாவுக்கும் வெடிக்கும் தடை விழுந்தது என்பார்கள். மிட்டாய்க்காரர்கள் விட்டார்களா? பாதாமையும் சர்க்கரையையும் பிசைந்து வெடி வடிவத்திலேயே இனிப்பு செய்தார்களாம்! கூடவே குட்டிக் குட்டிப் பழங்கள், காய்கறிகள்.

இவற்றைப் பட்டுக் கைக்குட்டையில் முடிந்து ஆண்கள் காதலிக்கோ மனைவிக்கோ கொடுப்பது வழக்கம். 'மொக்கடோரா' என்று பெயர். இனிப்பு தீர்ந்துவிடும், கைக்குட்டையைப் பல பெண்கள் பத்திரப்படுத்துகிறார்கள். எண்ணினால் எத்தனை வருட உறவு என்று தெரிந்துவிடும். பாஸ்புக் மாதிரிதான்!

ஊரை விட்டு வந்த நம் வீடுகளிலும் பண்டிகை பிழைத்திருப்பது பெரும்பாலும் அடுப்படியில்தானே? இருபது வருடமாக அதைக் காப்பாற்றி வரும் என் வீட்டம்மாவுக்கு நான் ஒரு கைக்குட்டைகூட முடிந்து கொடுத்ததில்லை. இந்த அக்டோபரில் கொடுத்துவிட வேண்டும்.