வராக்கடன் முதலான கதை

நண்பன் தன் கம்பெனியில பங்குதாரரா சேரக் கூப்பிடறான். இருப்புநிலைக் குறிப்புல நாலு கணினி, மிச்சமெல்லாம் கடன். அப்பதான் ஜேம்ஸ் வாட் ஞாபகம் வந்தார்.

வாட்டோட நீராவி இயந்திரக் காப்புரிமையில மூணுல ரெண்டு பங்கு ஜான் ரோபக்கிடம் இருந்தது. 1773-ல் ரோபக் திவால். மத்த கடன்காரங்க அந்தப் பங்கைச் சீந்தவேயில்லை. மாத்யூ போல்டன் மட்டும் தனக்கு வரவேண்டிய 1,200 பவுண்டுக்கு ஈடா அதை எடுத்துக்கிட்டார். வராக்கடன் முதலா மாறிடுச்சு! 1775-ல் நாடாளுமன்றம் காப்புரிமையை 1800 வரை நீட்டிக்க, அந்த இயந்திரம் கார்ன்வால் சுரங்கங்கள்ல தண்ணி இறைச்சுது.

புதுப் பங்குதாரர் வந்தா சொத்தை மறுமதிப்பீடு செய்யணும், நற்பெயருக்கு விலை போடணும்னு கணக்குப் பாடம் சொல்லுது. மத்தவங்க பூஜ்யம் போட்ட இடத்துல போல்டன் 1,200 போட்டார்.

நண்பனுக்கு நான் என்ன போட? நீங்களே சொல்லுங்க மக்களே :)