பொது இடப் புகைத்தடையும் பிறர் விடும் புகையும்

புகையிலைக் கட்டுப்பாட்டுக் கொள்கைக்கு இரண்டு வேலைகள் உண்டு. புகைபிடிப்போரின் எண்ணிக்கையைக் குறைப்பது ஒன்று. புகைபிடிக்காதவர்கள் பிறர் விடும் புகையைச் சுவாசிக்காமல் காப்பது மற்றொன்று. வரி, விளம்பரத் தடை, எச்சரிக்கைப் படங்கள் ஆகியவை முதல் வேலைக்கானவை. பொது இடத் தடை இரண்டாவதற்கானது. ஒன்று நடந்தால் மற்றதும் தானாக நடந்துவிடும் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. இந்தியப் புள்ளிவிவரங்கள் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

பிறர் புகையின் தீங்கு அறிவியல் விவாதத்தின் மையத்துக்கு வந்தது 1981இல். புகைபிடிக்காத 91,540 ஜப்பானிய மனைவியரைப் பதினான்கு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த தக்கேஷி ஹிராயாமா, கணவர் எவ்வளவு அதிகம் புகைத்தாரோ அவ்வளவுக்கு மனைவியின் நுரையீரல் புற்றுநோய் அபாயமும் கூடுவதைக் கண்டார். புகையிலை நிறுவனங்கள் இந்த முடிவைக் கடுமையாகத் தாக்கின. பின்வந்த ஆய்வுகள் அதை உறுதிப்படுத்தின. இன்று ஆண்டுதோறும் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட புகைபிடிக்காதவர்கள் இதனால் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது.

தடைச் சட்டம் என்ன செய்யும் என்பதைத் தெளிவாக அளந்து காட்டியவை அயர்லாந்தும் ஸ்காட்லாந்தும். மதுக்கூடங்கள் உட்பட எல்லாப் பணியிடங்களிலும் நாடு முழுக்கப் புகையைத் தடைசெய்த முதல் நாடு அயர்லாந்து. 2004 மார்ச் 29 முதல் தடை அமலானது. டப்ளின் மதுக்கூடங்களின் காற்றில் இருந்த நுண்துகள் 83 விழுக்காடு குறைந்தது. புகைபிடிக்காத ஊழியர்களின் நுரையீரல் செயல்திறனும் மேம்பட்டது. ஸ்காட்லாந்து 2006 மார்ச் 26இல் தடை கொண்டுவந்தபோது, வெளியே புகைக்க முடியாதவர்கள் வீட்டில் வந்து புகைப்பார்கள், குழந்தைகள்தான் பாதிக்கப்படுவார்கள் என்று எச்சரித்தவர்கள் இருந்தார்கள். நடந்தது நேர்மாறானது. நிக்கோட்டின் உடலில் சிதைந்து உண்டாகும் கோட்டினின் என்ற பொருளின் அளவு, தொடக்கப்பள்ளிக் கடைசி வகுப்புக் குழந்தைகளின் எச்சிலில் 39 விழுக்காடு குறைந்திருந்தது. அங்கே மாரடைப்பு தொடர்பான மருத்துவமனைச் சேர்க்கைகள் 17 விழுக்காடு குறைந்ததாக வந்த செய்தியே அதிகம் பேசப்பட்டது. ஆனால் இங்கிலாந்து முழுவதையும் எடுத்துக்கொண்ட பின்னைய ஆய்வில் தடையால் விளைந்த குறைவு 2.4 விழுக்காடுதான். இதய நோய்க் கணக்கைவிட எச்சில் பரிசோதனையே நம்பத் தக்க சாட்சி.

இந்தியாவில் முதல் அடி நீதிமன்றத்திலிருந்து விழுந்தது. கேரள உயர் நீதிமன்றம் 1999இல் பொது இடங்களில் புகைபிடிப்பதற்குத் தடை விதித்தது. முரளி தேவ்ரா என்பவர் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2001 நவம்பரில் அதை நாடு முழுமைக்கும் விரித்தது. 2003இல் புகையிலைப் பொருள்கள் சட்டம் நிறைவேறியது. 2008 அக்டோபர் 2 அன்று, காந்தி பிறந்த நாளில், விரிவான விதிகள் அமலாயின. உணவகம், மதுக்கூடம், திரையரங்கு, அலுவலகம், பேருந்து நிலையம் எல்லாமே தடைக்குள் வந்தன. சாம்பல் கிண்ணம், தீப்பெட்டி, லைட்டர் எதையும் அங்கே வைக்கக் கூடாது. யாரிடம் புகார் செய்வது என்று பெயரோடு பலகை வைக்க வேண்டும். புகாரின் மீது பொறுப்பாளர் நடவடிக்கை எடுக்காவிட்டால், அங்கே நடந்த குற்றங்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப அவரே அபராதம் கட்ட வேண்டும். அபராதம் வசூலிக்கும் அதிகாரம் தலைமை ஆசிரியர், நிலைய அதிகாரி, அஞ்சல் அலுவலர் வரை பகிரப்பட்டது. எழுத்தளவில் நல்ல விதிகள். ஓர் ஓட்டையும் உண்டு: 30 அறை கொண்ட விடுதிகளும், 30 பேரோ அதற்கு மேலோ உட்காரும் உணவகங்களும், விமான நிலையங்களும் தனிப் புகைப்பிடம் வைத்துக்கொள்ளலாம். தனி அறையோ காற்றோட்ட வசதியோ போதிய பாதுகாப்பல்ல என்று உலகப் புகையிலை உடன்படிக்கையின் 2007ஆம் ஆண்டு வழிகாட்டுதல் சொல்கிறது. இந்தியாவும் அந்த உடன்படிக்கையில் உறுப்பு நாடு.

பலன் என்ன? உலக வயதுவந்தோர் புகையிலை ஆய்வு இந்தியாவில் இருமுறை நடந்தது. 2009-10இல் 14.0 விழுக்காடாக இருந்த புகைபிடிப்போர் 2016-17இல் 10.7 ஆகக் குறைந்தனர். வீட்டில் பிறர் புகைக்கு ஆளாவோர் 52.3 விழுக்காட்டிலிருந்து 38.7 ஆனார்கள். மூடிய பணியிடங்களில் மட்டும் 29.9 விழுக்காடு 30.2 ஆக நின்றது. சட்டம் நுழையாத வீட்டில் புகை குறைந்திருக்கிறது. சட்டம் நேரடியாகத் தடைசெய்த பணியிடத்தில் அசையவே இல்லை.

வீட்டில் குறைந்ததற்குப் புகைப்போரின் எண்ணிக்கை குறைந்தது ஒரு காரணம் என்று கொள்ளலாம். குழந்தை இருக்கும் வீட்டில் வெளியே போய்ப் புகை என்று சொல்லும் துணிவு குடும்பத்தாருக்கு வந்திருக்கலாம். பணியிடத்தில் அப்படிச் சொல்ல ஆளில்லை. முதலாளியே பற்றவைக்கும் பட்டறையில் வேலையாள் யாரிடம் புகார் செய்வார்? அயர்லாந்தில் பணியிட உரிமையாளர் தொடக்கத்தில் 3,000 யூரோ வரை அபராதத்துக்கு அஞ்ச வேண்டியிருந்தது. இந்திய விதிகளில் ஒரு குற்றத்துக்கு உச்சபட்ச அபராதம் 200 ரூபாய். கர்நாடகம் 2025இல் தன் மாநிலத்துக்கு மட்டும் அதை 1,000 ரூபாயாக உயர்த்தி, புகையிலை வாங்கும் வயதையும் 21 ஆக்கியது.

எச்சரிக்கைப் படத்துக்கும் இதே கதிதான். 2016 ஏப்ரல் முதல் பாக்கெட்டின் முகப்புப் பரப்பில் 85 விழுக்காட்டைப் படமும் எச்சரிக்கை வாசகமும் சேர்ந்து நிரப்ப வேண்டும். ஆனால் டீக்கடையில் ஒரு டீயோடு ஒற்றைச் சிகரெட் வாங்குபவர் பாக்கெட்டைப் பார்ப்பதே இல்லை. கம்பத்தில் கட்டிய நார்க்கயிற்றின் கனலும் நுனியிலோ, நூலில் தொங்கும் லைட்டரிலோ பற்றவைத்துக்கொண்டு அங்கேயே நின்று புகைக்கிறார். பக்கத்தில் நின்று டீ குடிப்பவருக்கும் அதில் பங்கு உண்டு. வரி கூடினாலும் சில்லறை விற்பனையில் அது சில ரூபாயாகக் கரைந்துவிடுகிறது.

இன்னொரு சிக்கல் பீடி. 2016-17 ஆய்வின்படி சிகரெட் புகைப்போர் 4.0 விழுக்காடு, பீடி புகைப்போர் 7.7 விழுக்காடு. ஆனாலும் சிகரெட்டுக்கு விதித்த இழப்பீட்டு செஸ்ஸை ஜிஎஸ்டி பீடிக்கு விதிக்கவில்லை. திருநெல்வேலி, தென்காசி வட்டாரங்களில் தட்டை மடியில் வைத்து இலை வெட்டி, தூள் நிரப்பிச் சுருட்டி, நூல் கட்டும் பெண்களின் கூலியே இதற்கு ஒவ்வொரு முறையும் முன்வைக்கப்படும் வாதம். 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டி மன்றம் சிகரெட்டை 40 விழுக்காட்டு வரிக்கு உயர்த்தவும், பீடியை 28 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காட்டுக்குக் குறைக்கவும் முடிவுசெய்தது.