சாயத்தில் பூட்டிய நஞ்சு

புதுச் சட்டை போட்டவுடன் கைக்குழந்தை செய்யும் முதல் வேலை என்ன? அதன் ஓரத்தை வாயில் வைத்துச் சப்புவதுதான். அப்போது துணியிலுள்ள சாயம் என்ன ஆகிறது என்று நீங்கள் எண்ணிப் பார்த்ததுண்டா?

1856-இல் இங்கிலாந்தில் வில்லியம் பெர்க்கின் என்ற 18 வயது மாணவர், கரித்தாரிலிருந்து கிடைக்கும் அனிலினைக் கொண்டு ஊதாச் சாயம் ஒன்றைத் தற்செயலாகக் கண்டார். செயற்கைச் சாயத் தொழில் விரைவில் ஜெர்மனியில் வேரூன்றியது. 1884-இல் அங்கே காங்கோ சிவப்பு பிறந்தது. படிகாரம் போன்ற நிறமூன்றி எதுவும் வேண்டாமல் பருத்தியில் நேரே ஏறும் சாயம். சாயப் பட்டறைக்காரருக்கு வேறென்ன வேண்டும்! ஆனால் அது பென்சிடின் என்னும் அமினிலிருந்து செய்யப்பட்டது.

1895-இல் பிராங்க்பர்ட் அறுவை மருத்துவர் லுட்விக் ரேன், சாய ஆலைத் தொழிலாளரிடையே சிறுநீர்ப்பைப் புற்றுநோயைக் கண்டு அறிவித்தார். அவர் ஐயுற்றது அனிலினை. உண்மைக் குற்றவாளிகளில் பென்சிடின் முக்கியமானது என்பது பின்னரே உறுதியாயிற்று.

சாயத்தில் பென்சிடின் தனியே இல்லை. இரு நைட்ரஜன் அணுக்கள் கைகோத்த ‘அசோ’ பிணைப்பு அதைப் பூட்டி வைத்திருக்கிறது. ஆனால் நம் குடலில் வாழும் பாக்டீரியாக்கள் அந்தப் பூட்டை உடைக்க வல்லவை. தோலிலுள்ள சிலவும் அப்படியே.

இன்றைய சோதனையும் இதையேதான் செய்கிறது. துணியை நறுக்கி, பட்டறைகளில் ‘ஹைட்ரோஸ்’ எனப்படும் சோடியம் டைதயோனைட்டுடன் 70 டிகிரி செல்சியஸில் சூடாக்குகிறார்கள். பிணைப்பு அறுந்து வெளிவரும் அமினைப் பிரித்து அளக்கிறார்கள். இயற்பியல்காரனான எனக்கு இந்த எளிமை பிடித்திருக்கிறது.

1992-இல் ஆஸ்திரிய, ஜெர்மானிய ஆய்வு நிலையங்கள் ‘ஓயெகோ-டெக்ஸ் ஸ்டாண்டர்டு 100’ என்ற சான்றிதழைத் தொடங்கின. அதில் 3 வயது வரையுள்ள குழந்தைகளின் துணிகளுக்கே மிகக் கடுமையான விதிகள். உமிழ்நீரில் சாயம் கரைகிறதா என்றும் பார்க்கிறார்கள். 1994-இல் ஜெர்மனி, தீய அமின்களை விடுவிக்கும் அசோ சாயங்களைச் சட்டத்தால் தடுத்தது. ஜெர்மனிக்குப் பின்னலாடை அனுப்பி வந்த திருப்பூரும் சாயங்களை மாற்ற நேர்ந்தது. 1997-இல் இந்திய அரசு 70 அசோ சாயங்களைத் தடை செய்தது. 2002-இல் ஐரோப்பிய ஒன்றியம், கிலோவுக்கு 30 மில்லிகிராம் அமின் என்று எல்லை வகுத்தது.

ரேன் அறிக்கைக்கும் ஜெர்மன் தடைக்கும் இடையே 99 ஆண்டுகள்! அதிலும் ரேன் நோயைக் கண்டது துணியை உடுத்தியவரிடம் அன்று, சாயத்தைச் செய்தவரிடம். ‘100’ என்ற சீட்டோ விற்பனைக்கு வரும் துணியில் எஞ்சியிருப்பதை மட்டுமே அளக்கிறது. சாயத் தொட்டியில் கைவிட்டவர் எதைத் தொட்டார், கழிவுநீர் எங்கே போயிற்று என்பவை அதன் கணக்கில் இல்லை. அவற்றைக் கேட்கும் ‘ஸ்டெப்’ என்னும் ஆலைச் சான்றிதழை அதே அமைப்பு 2013-இல் தனியாகக் கொண்டுவந்தது.