சக்கரக் குடத்துக்குள் ஒரு மோட்டார்

சைக்கிளை மின்சாரத்தால் ஓட்டும் எண்ணம் புதியதன்று. 1895 டிசம்பர் 31-ல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தைச் சேர்ந்த ஆக்டன் போல்டன் என்பவர் இதற்குக் காப்புரிமை பெற்றார். பின்சக்கரத்தின் குடத்துக்குள்ளேயே மோட்டாரைப் பொருத்தினார் அவர். இடையே சங்கிலியும் இல்லை, பற்சக்கரமும் இல்லை. தேயும் உறுப்புகள் குறைந்தால் பழுதும் குறையுமல்லவா?

ஆனால் பழுது வேறிடத்தில் காத்திருந்தது. அந்த மோட்டார் 10 வோல்ட்டில் 100 ஆம்பியர் வரை மின்னோட்டத்தை இழுக்கக் கூடியது. கம்பியில் தோன்றும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்பதை மாணவர்கள் அறிவர். (இன்றைய 250 வாட் மோட்டாருக்கு 36 வோல்ட்டில் ஏறத்தாழ 7 ஆம்பியர் போதும்.) மேலும், மின்னோட்டம் தூரிகைகள் வழியாகவே திசைமாற்றியை அடைந்தது. தூரிகை உராய்ந்து தேயும், பொறி பறக்கும்.

1962-ல் வில்சன், டிரிக்கி என்ற இருவர் தூரிகையின் வேலையைக் குறைகடத்திகளைக் கொண்டு செய்யும் முறையை விளக்கினர். 1980-களில் வலிமை மிக்க நியோடிமியக் காந்தங்கள் வந்தன. கம்பிச்சுருள்கள் அச்சோடு அசையாமல் நிற்க, காந்தங்கள் பதித்த வெளிக்கூடு சுழலும் சிறிய மோட்டார் இவ்வாறு உருவாயிற்று. காந்தம் எந்த நிலையில் உள்ளது என்பதைப் பெரும்பாலும் மூன்று ஹால் உணரிகள் தெரிவிக்கின்றன. இவற்றின் அடிப்படையான விளைவை எட்வின் ஹால் 1879-லேயே கண்டறிந்திருந்தார்.

தூரிகை போயிற்று, தொல்லை இடம் மாறிற்று. உணரி கெட்டால் சக்கரம் புறப்படும்போதே நடுங்கும். மோட்டாரின் கம்பிகள் யாவும் அச்சின் துளை வழியே வெளிவருகின்றன. சைக்கிள் சாய்ந்து விழுந்தால் அவை நசுங்கும். அச்சு தன் பிடிப்பிலிருந்து நழுவிச் சுழன்றால் முறுக்கி அறுபடும். மழைநீரும் அக்கம்பியைப் பற்றியே உள்ளே இறங்கும். மேட்டில் மெதுவாக ஏறும்போது மின்னாற்றலின் பெரும்பகுதி வெப்பமாகிறது. சாதாரண நியோடிமியக் காந்தம் 80 டிகிரி செல்சியசுக்கு மேல் வலிமை இழக்கத் தொடங்கும். எடையைக் குறைக்க நைலான் பற்சக்கரம் வைத்த மோட்டாரில் அப்பற்கள் தேயும்.

பற்சக்கரமில்லாத மோட்டாரில் ஓர் எளிய சோதனை செய்யலாம். மோட்டாரின் இணைப்புகளை எல்லாம் பிரித்துவிட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். வழக்கத்தைவிட வலுவாகத் தடைப்பட்டு, விக்கி விக்கிச் சுழன்றால், உள்ளே கம்பிகள் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டிருக்கலாம். தூண்டு மின்னோட்டம் தன்னைத் தோற்றுவித்த இயக்கத்தையே எதிர்க்கும் என்ற லென்சு விதியே இதற்குக் காரணம்.

ஆகவே வண்டி நின்றவுடன் மோட்டாரைக் குறை கூற வேண்டாம். அச்சின் இறுக்கத்தையும் கம்பி வெளிவரும் இடத்தையும் முதலில் பாருங்கள். அக்கம்பி அச்சுக்குக் கீழே சற்றுத் தொங்கி, பின்னரே மேலேறட்டும். நீர் அங்கேயே சொட்டிவிடும்.