பன்றிக்கறியும் பந்தியுரிமையும்



நினைவுரை மேடையில் பன்றிக்கறியைப் பற்றியா என்று சிலருக்குத் தோன்றலாம். அதை வளர்த்ததற்கும் தின்றதற்கும் இழிவுபடுத்தப்பட்ட நாம் பேசாமல் வேறு யார் பேசுவது?

அமெரிக்க வீடுகளில் விடுமுறை நாளில் ‘பார்பெக்யூ’ செய்கிறார்கள். பன்றியின் முன்தொடைக் கறியில் உப்பும் மிளகாயும் தடவி, ஏறத்தாழ 110 டிகிரி செல்சியஸ் சூட்டில் எட்டு முதல் பத்து மணி நேரம் வேகவைக்கிறார்கள். அது நன்றாக உழைத்த தசை. அவசரப்பட்டால் இறுகிவிடும், மெல்ல வெந்தால் கொலாஜன் கரைந்து விரலால் பிய்க்கும் பதம் வரும். இந்தப் பொறுமை யாரிடமிருந்து வந்தது?

கரீபியத் தீவுகளின் டாயினோ பழங்குடிகளின் சொல், ஸ்பானிய மொழி வழியே ‘பார்பெக்யூ’ ஆனது. வர்ஜீனியாவிலும் கரோலினாக்களிலும் முதலாளிகளின் விருந்துக்குக் குழி வெட்டி, விறகு பிளந்து, இரவெல்லாம் விழித்துத் தணலைக் காத்தவர்கள் அடிமைப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்கர்கள். தலையும் காலும் குடலுமே பெரும்பாலும் அவர்களுக்கு மிஞ்சின. 1865 ஜூன் 19இல் டெக்சாஸின் கால்வெஸ்டனில் விடுதலை அறிவிக்கப்பட்டது. அந்நாளை ஆண்டுதோறும் கொண்டாடிய கறுப்பின மக்கள், அதே தணலைத் தங்களுக்காக மூட்டினார்கள்.

99 ஆண்டுகள் கழிந்தும் பந்தி மாறவில்லை. அலபாமாவின் பர்மிங்காமில் ‘ஆலீஸ் பார்பெக்யூ’ என்ற உணவகம். ஊழியர்கள் 36 பேரில் மூன்றில் இரண்டு பங்கினர் கறுப்பர்கள். ஆனால் கறுப்பர்கள் அங்கே உட்கார்ந்து சாப்பிட முடியாது. பொட்டலம் வாங்கிப் போகலாம். 1964ஆம் ஆண்டின் சிவில் உரிமைச் சட்டம் இதைத் தடைசெய்ததும் உரிமையாளர்கள் வழக்குத் தொடுத்தார்கள். அதே ஆண்டு டிசம்பர் 14இல் உச்ச நீதிமன்றம் அவர்களுக்கு எதிராக ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தை நெறிப்படுத்தும் அதிகாரமே தீர்ப்பின் அடிப்படை. உணவகம் வாங்கிய உணவுப்பொருளில் 46 விழுக்காடு, வெளிமாநிலத்திலிருந்து வந்த இறைச்சி. மனிதரின் மானம் திறக்காத கதவை, எல்லை தாண்டி வந்த கறி திறந்தது. தென் கரோலினாவின் ‘பிகி பார்க்’ பார்பெக்யூ நிறுவனமோ, இச்சட்டம் கடவுளின் சித்தத்துக்கு விரோதமானது என்றே வாதாடியது. 1968இல் உச்ச நீதிமன்றம் அதை அற்பமான வாதம் என்று தள்ளியது. சாஸ்திரம் பேசும் குரல் நமக்குப் புதிதல்ல.

1946இல் அண்ணல் அம்பேத்கர் டபிள்யூ.இ.பி. டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதி, இரு மக்களின் நிலைக்கும் உள்ள ஒப்புமையைச் சுட்டினார். ஒப்புமையோடு ஒரு வேறுபாட்டையும் நாம் கவனிக்க வேண்டும். அங்கே கறுப்பர் சமைத்ததை வெள்ளையர் உண்டார்கள். உடன் அமர்வதைத்தான் மறுத்தார்கள். இங்கே சமைக்கும் கையே தீட்டு. தலித் பெண் சமைத்தால் பள்ளிச் சத்துணவைப் பிள்ளைகள் உண்ணக் கூடாது என்று தடுக்கும் பெற்றோர் இன்றும் உண்டு. இனவெறி உழைப்பைத் திருடியது. சாதி உழைப்பையும் திருடி, தொடுதலையும் குற்றமாக்கியது.

கறுப்பின எழுத்தாளர்கள் தங்கள் தணல்குழியின் வரலாற்றை மீட்டு எழுதிவருகிறார்கள். நாமும் எழுத வேண்டும். நம் தெருவில் பன்றி வளர்த்தவர் யார், பங்கு பிரித்தவர் யார், அந்தக் கறியை எந்தத் தெரு வழியே கொண்டுபோகக் கூடாது என்றார்கள் என்பதை நம் பாட்டிமார் இருக்கும்போதே கேட்டுப் பதிவுசெய்வோம்.