பாலாறு போகும் வழியில்: தங்கவயல் குடும்பங்களின் விடுமுறைப் பயண வரலாறு

கோடை விடுமுறைப் பயணத்துக்கு இன்று ஏறக்குறைய ஒரு வாய்பாடே உண்டு. பிள்ளைகளின் ஆசைக்குத் தீம் பார்க், படிப்புக்கு அருங்காட்சியகம், எல்லோருக்குமாகக் கடற்கரை. நான்கைந்து நாள்களுக்குள் இம்மூன்றையும் அடக்கிவிடும் திட்டம் மிக இயல்பான ஒன்றாகத் தோன்றுகிறது. ஆயினும் உழைக்கும் குடும்பம் ஒன்று அவ்வாறு திட்டமிட வேண்டுமானால், அதற்கு முன்பே மூன்று கூறுகள் அமைந்திருக்க வேண்டும்: கூலி வெட்டப்படாத விடுப்பு, கட்டுப்படியாகும் கட்டணத்தில் ரயில், எவரும் தடையின்றி நுழையக்கூடிய பொதுவிடம். கோலார் தங்கவயலில் இம்மூன்றும் ஒன்றுசேர எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயின. ஒன்றுசேர்ந்து நிலைத்த காலமோ அதனினும் குறைவு.

இவ்வரலாற்றைப் பேத்தமங்களாவிலிருந்து தொடங்குவதே பொருத்தம். தங்கவயலுக்கு ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தொலைவில், பாலாற்றின் கரையில் அமைந்த ஊர் அது. பாணர் குலத்து மன்னன் விசயாதித்தனின் பெயரால் ‘விசயாதித்தமங்கலம்’ எனப் பழங்காலத்தில் வழங்கியது. பாலாற்றின் குறுக்கே அமைந்த அதன் பேரேரி நுளம்பர் காலத்திலும், பின்னர் ஒய்சளர் காலத்திலும் செப்பனிடப்பட்டதைக் கல்வெட்டுகள் கூறுகின்றன. 1864இல் பெங்களூர்–ஜோலார்பேட்டை ரயில்பாதை பௌரிங்பேட்டை வழியாகச் சென்றது. இன்றைய பங்காருப்பேட்டையே அது. வணிகம் ரயிலடிக்கு நகர, பேத்தமங்களா ஒதுங்கியது. தங்கச் சுரங்கங்கள் பெருகி, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏரி நீர் வடிகட்டப்பட்டுக் குழாய் வழியே தங்கவயலுக்குச் சென்ற பிறகுதான் அவ்வூர் மறுபடியும் பேசப்பட்டது.

1880 முதல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனத்தின் ஆளுகைக்கு வந்த தங்கவயலில் பொழுதுபோக்கும் தரம் பிரிக்கப்பட்டே இருந்தது. ஐரோப்பிய அதிகாரிகளுக்குக் கிளப்பும் கோல்ஃப் மைதானமும் அமைந்தன. வட ஆற்காடு, சித்தூர், சேலம் பகுதிகளிலிருந்து வந்து நிலத்தடியில் இறங்கிய தமிழ்த் தொழிலாளரும் தெலுங்குத் தொழிலாளரும் ‘லைன்’ வீடுகளில் நெருங்கி வாழ்ந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதியினர். அத்தகைய குடும்பங்களுக்குக் கட்டணமில்லாமல் கிடைத்த நீர்வெளி பேத்தமங்களா ஏரி. கட்டுச்சோற்றுடன் காலையில் சென்று மாலையில் திரும்பும் சிற்றுலாவுக்கு அது ஏற்ற இடம். லைன் வீட்டுக் குழாயில் வந்த நீரின் ஊற்றிடத்தையே பிள்ளைகள் அங்கே கண்டனர்.

ஒரு நாளுக்கு மேற்பட்ட பயணம் என்றால் கிழக்கு நோக்கித்தான். அதற்கும் பாலாறே வழி. நந்தி மலைப் பகுதியில் தோன்றி, கர்நாடகத்தில் 93 கிலோமீட்டரும் ஆந்திரத்தில் 33 கிலோமீட்டரும் தமிழ்நாட்டில் 222 கிலோமீட்டரும் ஓடி, கல்பாக்கத்தை அடுத்த வயலூர் அருகே வங்கக் கடலில் கலக்கிறது அவ்வாறு. தென்னிந்தியாவின் முதல் பயணியர் ரயில்பாதையும் இப்பள்ளத்தாக்கையே நாடிற்று. 1856 ஜூலை 1 அன்று இராயபுரத்திலிருந்து வாலாஜா வரை வண்டி ஓடியது. 1864இல் பெங்களூர் இணைந்தது. 1894இல் பௌரிங்பேட்டையிலிருந்து மாரிக்குப்பத்துக்குச் சுமார் 16 கிலோமீட்டர் கிளைப்பாதை அமைந்தது. இயந்திரங்களையும் நிலக்கரியையும் ஆள்களையும் சுரங்கத்துக்குக் கொண்டுவரப் போட்ட பாதை அது. எனினும் அதே பாதை எதிர்த்திசையில் வாணியம்பாடி, ஆம்பூர், காட்பாடி வழியாகச் சென்னை சென்ட்ரலில் கொண்டுபோய் விட்டது.

சென்ட்ரலில் இறங்கிய குடும்பத்துக்கு நகரம் என்ன காட்டியது? தீம் பார்க் என்னும் சொல் பிறப்பதற்கு நெடுங்காலம் முன்பே, அதன் மூன்று கூறுகளும் சென்னையில் நடைதூரத்திலும் டிராம் தூரத்திலும் இருந்தன. மருத்துவர் எட்வர்ட் பால்ஃபர் முயன்று உருவாக்கிய அரசு அருங்காட்சியகம் 1851இல் தோன்றிற்று. அங்கே 1855இல் தொடங்கிய விலங்குக் காட்சி பின்னர்ச் சென்ட்ரலை ஒட்டிய பீப்பிள்ஸ் பார்க்குக்கு மாறியது. பதப்படுத்திய உடல்கள் இருந்த இடத்தைச் ‘செத்த காலேஜ்’ என்றும், உயிருள்ள விலங்குகள் இருந்த இடத்தை ‘உயிர் காலேஜ்’ என்றும் மக்கள் அழைத்தனர். கல்லூரி வாசலை மிதிக்க வழியில்லாதவர்கள் தாம் நுழைய முடிந்த இரண்டு இடங்களுக்குக் காலேஜ் என்று பெயரிட்டது வெறும் வேடிக்கை அன்று.

பீப்பிள்ஸ் பார்க்கில் ஆண்டிறுதியில் கேளிக்கைச் சந்தை நடப்பதுண்டு. கொட்டகைகளும் கடைகளும் கூட்டமும் நிறைந்த அச்சந்தையில் 1886 டிசம்பர் 31 அன்று தீப்பற்றி நூற்றுக்கணக்கானோர் இறந்தனர். பெருங்கூட்டத்தை ஓரிடத்தில் மகிழ்விக்க வேண்டுமானால் வெளியேறும் வழியையும் முன்கூட்டியே எண்ண வேண்டும் என்பதைச் சென்னை அறிந்துகொண்ட விலை அது. அதே காலத்தில்தான், 1881 முதல் 1886 வரை ஆளுநராக இருந்த கிராண்ட் டஃப், கடற்கரையில் நடைபாதை அமைத்து அதற்கு மெரினா என்று பெயரிட்டார். 1909இல் அங்கே மீன் காட்சியகமும் திறக்கப்பட்டது. ஆக, இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டு முடிவதற்குள் பூங்கா, அருங்காட்சியகம், கடற்கரை என்ற மும்முனைச் சுற்று சென்னையில் முழுமை பெற்றுவிட்டது.

தங்கவயல் குடும்பங்களுள் ஒரு பகுதியினருக்கு எழும்பூர் அருங்காட்சியகம் வேறொரு பொருளும் உடையது. அயோத்திதாசப் பண்டிதர் தொடங்கிய தமிழ்ப் பௌத்த இயக்கத்தின் வலிமையான கிளை மாரிக்குப்பத்தில் செயல்பட்டது. பண்டிதரின் நூல்களைச் சாம்பியன் ரீஃப்ஸில் இருந்த சித்தார்த்தா புத்தகசாலை வெளியிட்டது. அவருடைய ‘தமிழன்’ இதழ், அவர் மறைவுக்குப் பின் 1926இல் ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு தங்கவயலிலிருந்து மீண்டும் வெளிவந்தது. புத்தரின் வாழ்க்கையைச் செதுக்கிய அமராவதிக் கற்சிற்பங்களோ எழும்பூர்க் கூடங்களில் இருந்தன. சாதிக்கு முந்தைய பௌத்தத் தென்னாட்டைப் பற்றிப் படித்தும் கேட்டும் வளர்ந்த சமூகத்துக்கு அக்கற்கள் வெறும் கலைப்பொருள்கள் ஆகா; படித்ததற்குக் கண்முன் நின்ற சான்றுகள்.

ரயிலும் பொதுவிடமும் இவ்வாறு அமைந்த பின்னும் மூன்றாவது கூறு, அதாவது கூலியுடன் கூடிய விடுப்பு, வரவில்லை. உலக அளவிலும் அது பிந்தி வந்த உரிமையே. 1936இல் பிரான்ஸ் தன் தொழிலாளர்க்கு இரண்டு வாரச் சம்பள விடுப்பைச் சட்டமாக்கியது. அதே ஆண்டில் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு இதற்கென ஓர் உடன்படிக்கையை நிறைவேற்றியது. 1938இல் பிரிட்டன் சட்டம் இயற்றியது. கோடையில் பிரெஞ்சுத் தொழிலாளர் குடும்பங்கள் முதன்முறையாகக் கடலைக் கண்டது அச்சட்டத்தால்தான். தங்கவயலுக்கு அந்த உரிமையை 1952ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டம் உறுதிசெய்தது. பிந்தைய திருத்தங்களின்படி, ஓராண்டில் 190 நாள் நிலத்தடியில் வேலை பார்த்தவருக்கு 15 நாள் வேலைக்கு ஒரு நாள் விடுப்பு. நிலத்தின் மேல் 240 நாள் வேலை பார்த்தவருக்கு 20 நாளுக்கு ஒரு நாள். நிலத்தடியில் இறங்குபவர் கூடுதல் ஓய்வுக்கு உரியவர் என்பதை அக்கணக்கே ஒப்புக்கொள்கிறது. மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில், பாறை வெடிப்புக்கு அஞ்சி வேலை செய்தவர்க்கு அந்தப் பதினைந்துக்கு ஒன்று என்பது சிறிய எண் அன்று.

விடுப்பு கிடைத்தவுடன் எங்கே செல்வது என்ற கேள்வி எழுகிறது. 1956இல் மத்திய அரசு தன் ஊழியர்க்கு விடுப்புப் பயணச் சலுகையை அறிமுகம் செய்தபோது ‘சொந்த ஊர்’ செல்வதையே பயணத்தின் நோக்கமாகக் கருதியது. ஊரில் வீடும் நிலமும் மதிப்பும் உள்ளவருக்கு அது இனிய ஏற்பாடு. சேரியிலிருந்து புறப்பட்டுத் தங்கவயலுக்கு வந்தவரின் பிள்ளைகளுக்கோ சொந்த ஊர் என்பது திரும்பவும் சேரிக்குள் அடங்குவது. எந்தத் தெருவில் செருப்புடன் நடக்கலாம், எந்தக் கிணற்றில் நீர் மொள்ளலாம் என்று மறுபடியும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியது. திருவிழாவுக்கும் திருமணத்துக்கும் அவ்வூர்களுக்குச் செல்வது தொடர்ந்தது. ஆனால் மெரினாவின் மணலில் யாரும் யாருடைய ஊரையும் கேட்பதில்லை. உறவைப் பார்க்கும் பயணம் சுற்றுலாவாக மாறியதை வசதி பெருகியதன் அடையாளமாக மட்டும் எழுதும் வரலாறு இதைத் தவறவிடுகிறது. முகமற்ற கூட்டத்தில் ஒருவராக இருப்பது, தம் முகத்தால் அடையாளம் காணப்பட்டு ஒதுக்கப்பட்டவர்க்கு விடுதலையின் ஒரு வடிவம்.

இருபதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் சுற்றுலாவின் மையம் நகரத்தை விட்டு வெளியேறியது. 1985இல் உயிரியல் பூங்கா வண்டலூருக்குச் சென்றது. மூர் மார்க்கெட் அதே ஆண்டில் எரிந்துபோனது. கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி வி.ஜி.பி., எம்.ஜி.எம். பூங்காக்கள் எழுந்தன. முதலைப் பண்ணை 1976 முதலே வடநெம்மேலியில் இருந்தது. தென்னாட்டு வீடுகளையும் கைவினைகளையும் காட்டும் தட்சிணசித்ரா 1996இல் முட்டுக்காட்டில் திறக்கப்பட்டது. அதற்கும் தெற்கே மாமல்லபுரம். 1984இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது. பூங்கா, அருங்காட்சியகம், கடற்கரை மூன்றும் ஒரே சாலையில் வரிசையாக அமைந்துவிட்டன. அச்சாலையில் மேலும் தெற்கே சென்றால் பாலாற்றின் கழிமுகம். பேத்தமங்களாவில் தேங்கும் ஆறு கடலைச் சேரும் இடத்துக்கு அருகிலேயே தமிழ்க் குடும்பங்களின் விடுமுறைத் தலங்கள் குவிந்தன.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. ஏரிக்கும் மெரினாவுக்கும் வாயிற்காவலர் இல்லை. புதிய பூங்காக்களில் தலைக்கு ஒரு கட்டணம். நால்வர் கொண்ட குடும்பத்தின் கணக்கில் பயணத்தின் பெருஞ்செலவு ரயிலிலிருந்து நுழைவுச்சீட்டுக்கு இடம்பெயர்ந்தது. 2005இல் பெங்களூரை அடுத்த பிடதியில் வொண்டர்லா திறக்கப்பட்டபோது தங்கவயலுக்குத் தீம் பார்க் மிக அருகில் வந்துவிட்டது. அதற்குள் சுரங்கம் மூடப்பட்டு நான்காண்டுகள் ஆகியிருந்தன.

2001 பிப்ரவரி 28 அன்று பாரத் கோல்ட் மைன்ஸ் நிறுவனம் மூடப்பட்டது. வேலையுடன் விடுப்பும் போயிற்று. இன்று மாரிக்குப்பத்திலிருந்தும் பங்காருப்பேட்டையிலிருந்தும் விடியற்காலையில் புறப்படும் வண்டிகளில் ஆயிரக்கணக்கானோர் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று இரவில் திரும்புகின்றனர். கடைகளிலும் கட்டடப் பணிகளிலும் காவல் வேலைகளிலும் இருக்கும் பலருக்கு வராத நாள் என்பது கூலியில்லாத நாள். விடுமுறைப் பயணத்தின் அடையாளமாக இருந்த ரயில் அன்றாட உழைப்பின் பகுதியாகிவிட்டது. நாள்தோறும் ஆறேழு மணி நேரத்தை வண்டியிலும் வழியிலும் கழிப்பவருக்கு ஞாயிற்றுக்கிழமை இன்னொரு பயணத்துக்கான நாளாகத் தோன்றுவது அரிது. செல்லத்தக்க இடங்கள் பெருகிய காலத்தில், செல்வதற்குரிய நாள்கள் குறைந்தன.

இங்கே தென்னாப்பிரிக்காவைக் காண்பது பயன்தரும். ஜொகன்னஸ்பர்க் நகரில் கைவிடப்பட்ட கிரவுன் மைன்ஸ் தங்கச் சுரங்கத்தின் 14ஆம் எண் குழியைச் சுற்றிக் கோல்ட் ரீஃப் சிட்டி என்னும் தீம் பார்க் எழுந்தது. அங்கே பழைய சுரங்கத்துக்குள் பார்வையாளர்கள் இறங்குகின்றனர். தங்கவயல் மூடப்பட்ட அதே 2001இல், அப்பூங்காவின் பக்கத்தில் நிறவெறி ஆட்சி அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. ஒருபுறம் இராட்டினம், மறுபுறம், அத்தங்கத்தைத் தோண்டியவர்கள் எவ்வாறு பிரித்து ஒடுக்கப்பட்டனர் என்ற பதிவு. கேளிக்கை மட்டும் இருந்திருந்தால் சுரங்கம் ஒரு வேடிக்கைப் பொருளாகச் சுருங்கியிருக்கும்.

தங்கவயலில் காட்டுவதற்கு ஏதும் இல்லை என்று கூற இயலாது. ஆசியாவின் மிகத் தொடக்ககால நீண்டதூர மின்வழிகளுள் ஒன்று 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து இங்கு வந்தது. 1965இல் வளிமண்டல நியூட்ரினோக்கள் முதன்முதலாக அறியப்பட்ட இடங்களுள் ஒன்று இச்சுரங்கத்தின் ஆழம். அருகிலுள்ள பெத்தபள்ளியின் எரிமலைப் பாறைகள் தேசியப் புவியியல் நினைவுச் சின்னம். சயனைடு மண்மேடுகளில் 2018ஆம் ஆண்டின் ‘கே.ஜி.எஃப்.’ திரைப்படம் படமாக்கப்பட்டு நாடெங்கும் ஓடியது. அப்படத்தைக் கண்ட கோடிக்கணக்கானோர் உள்ளத்தில் தங்கவயல் ஒரு கற்பனைக் கோட்டையாகவே பதிந்துள்ளது. நிலத்தடியில் நுரையீரலைப் பறிகொடுத்தவர்களும், சித்தார்த்தா புத்தகசாலையில் அச்சுக்கோத்தவர்களும் அதில் இல்லை.

ஆகவே, தங்கவயல் பகுதியிலிருந்து விடுமுறைக்குத் திட்டமிடும் குடும்பம் அப்பட்டியலில் ஒரு நாளைத் தன் ஊருக்கும் ஒதுக்கலாம். காலையில் பெத்தபள்ளிப் பாறைகள், பிறகு மாரிக்குப்பம் ரயிலடி, மாலையில் பேத்தமங்களா ஏரிக்கரை. நுழைவுச்சீட்டு தேவையில்லை. சுரங்கத்தில் வேலை பார்த்த தாத்தாவோ பாட்டியோ உடன் வருவது நல்லது. அவர்கள் சொல்லக் கேட்கும் கடைசித் தலைமுறை இன்றைய பிள்ளைகளாகத்தான் இருக்கக்கூடும்.