ஜொகூர் அரசவையில் ஒரு முன்ஷி

முன்ஷி அப்துல்லாவை நாம் அறிவோம். 1849இல் தம் வாழ்க்கை வரலாற்றைச் சிங்கப்பூரில் அச்சிட்டு வெளியிட்ட அந்த மலாக்காப் பெரியாரின் பெயர் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆனால் அவர் மகன் முகம்மது இப்ராஹிம் முன்ஷியைப் பற்றிப் பேசுவோர் சிலரே. தந்தையின் புகழ் நிழல் மகன்மீது விழுந்துவிட்டது போலும்.

இக்குடும்பத்துக்கும் தமிழருக்கும் தொடர்பு உண்டு. ஏமன் நாட்டு அரபு முன்னோர் ஒருவர் நாகூரில் குடியேறித் தமிழ்ப் பெண்ணை மணந்தார். அவர் புதல்வர் மலாக்கா வந்து, பெரி ஆச்சி என்பவரை மணந்துகொண்டார். அந்தப் புதல்வரின் பெயரும் முகம்மது இப்ராஹிம்தான்! அப்துல்லாவே இளமையில் தமிழ் படித்தவர். அக்கால மலாக்காவில் வணிகக் கணக்குக்குத் தமிழ் வேண்டியிருந்தது.

1840இல் பிறந்த இளைய இப்ராஹிமுக்குப் பதினான்கு வயதானபோது, மக்கா யாத்திரை சென்ற தந்தை 1854இல் ஜித்தாவில் காலமானார். தந்தையின் நண்பரான பாதிரியார் கீஸ்பெரி சிங்கப்பூரில் நடத்திய பள்ளி மகனுக்குக் கல்வி தந்தது. பிற்காலத்தில் ஜொகூரை ஆண்ட அபூபக்கரும் கீஸ்பெரியிடம் பயின்றவரே. ஆங்கிலமும் மலாயும் கற்ற இப்ராஹிம் மொழியாசிரியரானார். பின்னர் அபூபக்கரின் அரசுப் பணியில் சேர்ந்தார்.

அது எத்தகைய காலம் என்பதை நாம் நினைத்துப் பார்க்க வேண்டும். 1874இல் பேராக் பிரிட்டிஷ் ரெசிடெண்டை ஏற்றது. ஜொகூரோ 1914 வரை ஆங்கிலேய ஆலோசகர் ஒருவருக்குக் கட்டுப்படாமல் நின்றது. படையால் அன்று, பெரும்பாலும் பேனாவால் என்றே நமக்குத் தோன்றுகிறது. கடிதத்தில் ஒரு சொல் தவறினால் நாட்டின் உரிமையே பறிபோகலாம். ஆகவே இருமொழியும் நுட்பமாக அறிந்தவர்கள் அரசருக்குத் தேவைப்பட்டார்கள். இப்ராஹிம் அரசரின் தூதராக அண்டைப் பகுதிகளுக்குச் சென்றுவந்தார். டத்தோ பெந்தாரா டாலாம் என்னும் பட்டமும் பெற்றார்.

1871, 72ஆம் ஆண்டுகளில் மேற்கொண்ட பயணங்களை அவர் எழுதிவைத்தார். 1904இல் அவர் மறைந்து பதினைந்து ஆண்டுகளுக்குப் பின்னரே, 1919இல், அந்நூல் அச்சேறியது. தந்தையின் கிளந்தான் பயண நூல் மலாய் அரசர்களைக் கடுமையாகக் கண்டித்தது. மகனோ ஒரு மலாய் அரசரின் ஊழியராய் நின்று எழுதினார். இதனை முகத்துதி என்று தள்ளிவிட நமக்கு மனமில்லை. குறை சொன்னவரின் மகன் ஆட்சியைத் திருத்தும் வேலையில் இறங்கினார் என்று கொள்வதே பொருந்தும்.

மலாய்க்காரர் தம் மொழியைக் கற்பதில்லையே என்று அப்துல்லா வருந்தியதுண்டு. 1888இல் ஜொகூர் அறிஞர்கள் மொழி கற்கவும் கற்பிக்கவும் ஒரு சங்கம் கண்டனர். செயலாளரைக் குறிக்க இன்று வழங்கும் 'செத்தியாஊசாஹா' அவர்கள் ஆக்கிய சொல் என்பர். அதன் முற்பகுதி வடமொழிச் சத்தியம். பிற்பகுதி நாம் உற்சாகம் என்று வழங்கும் அதே சொல்.